நோயாளிக்கு யாரும் வாங்கிப் போகாத பழம்

எங்கள் வீட்டுக்குப் பழம் வந்தால் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவள் நான். பூஜைக்கு வாழைப்பழம் வரும், அது சாமிக்கு. ஆரஞ்சும் சாத்துக்குடியும் படுத்திருப்பவர்களுக்கு. ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எதற்குப் பழம்? அப்படி ஒரு யோசனையே அங்கே யாருக்கும் வந்ததில்லை.

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா நெஞ்சு நோயோடு சுரங்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா கூடையில் ஆரஞ்சு வைத்து எடுத்துப் போவாள். வழி நெடுக அந்த வாசனை என்னைப் பிடித்து இழுக்கும். "கைய வெச்சியானா ஒடிச்சுப்புடுவேன், அது அப்பாவுக்கு" என்பாள் அம்மா. அப்பாவோ உரித்த சுளையை என் பக்கம்தான் முதலில் நீட்டுவார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிடுவேன். அம்மாவுக்குப் பயந்து மட்டும் இல்லை. நான் ஒரு சுளை தின்றால் அப்பாவின் உடம்பில் ஒரு சுளை பலம் குறைந்துவிடும் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். நான் வாயைக் கட்டியதால்தான் வந்தார் என்று வெகுநாள் எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

பிறகு இதெல்லாம் மறந்தே போனது. கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து, பொம்மனஹள்ளியில் குடியேறி, நாற்பதைத் தாண்டிய பிறகு, அங்கிருக்கும் ஒரு சின்ன அரசுப் பள்ளிக்கூடம்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

என் மகள் அங்கேதான் படிக்கிறாள். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் உடனே என் கணவரின் வேலை போய்விட்டதா என்று விசாரிப்பார்கள். போகவில்லை. நானும் சும்மா இல்லை. ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வரும் அறிக்கைகளை வீட்டிலிருந்தே தமிழாக்கம் செய்கிறேன். 'பயனாளிகள்', 'ஊட்டச்சத்துக் குறைபாடு', 'கொள்கைத் தெரிவுகள்' போன்ற சொற்கள் எனக்குச் சோறு போடுகின்றன. பள்ளி எங்கள் தெருமுனையில் இருக்கிறது, தலைமையாசிரியை நல்லவர், அவ்வளவுதான் காரணம். பெற்றோர் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியதற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. எனக்கு வாய் நீளம்.

ஒரு மழைக்காலத்தில் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சில பள்ளிகளில் பரிசோதனையாகப் பிள்ளைகளுக்குப் பழமும் காய்கறியும் கூடுதலாகக் கொடுக்கப் போகிறார்கள். எப்படிக் கொடுப்பது என்பதைப் பெற்றோர் குழுவே தேர்ந்தெடுக்கலாம். பிள்ளையின் கையில் பழமாகக் கொடுக்கலாம். மதியச் சாப்பாட்டில் காய்கறியைக் கூட்டலாம். குடும்பத்துக்குக் கூப்பன் கொடுத்து அரசுக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். இல்லையென்றால் பள்ளியிலேயே தோட்டம் போடலாம். தோட்டத்தை உடனே தள்ளிவிட்டோம். எங்கள் பள்ளியில் மண் தெரியும் இடம் என்று பார்த்தால் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு முழம் இருக்கும். மற்ற மூன்றுக்கும் சனிக்கிழமை கூட்டத்தில் சண்டை நடந்தது.

பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து பேசினால் எவ்வளவு பெரிய கொள்கையும் சீக்கிரம் தரைக்கு வந்துவிடுகிறது. முதலில் எழுந்தவர் ஒரு ஆட்டோ டிரைவர். கன்னடக்காரர், ஆனால் என்னோடு சண்டை போட அவருக்குத் தமிழ்தான் வரும்.

"பழம்லாம் ஷோக்கு மேடம். சாம்பார்ல காய் ஜாஸ்தி போடச் சொல்லுங்க. வயித்துல நிக்கும்."

"சாம்பார் வேன்ல வருது அண்ணா. அதுல காய் இருக்கா, கரைஞ்சு போச்சான்னு தினமும் நீங்க உள்ள குதிச்சுத் தேடுவீங்களா?"

கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் ஒரு அம்மா கூப்பன் கட்சி. "கூப்பன் குடுத்தா வூட்டுக்கு இன்னா வேணுமோ வாங்கிப்போம்க்கா."

"இன்னா வாங்குவீங்க? வெங்காயமும் தக்காளியும்."

"வாங்கினா இன்னா தப்பு? அதைத்தான புள்ளையும் துன்னுது?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாததால் நான் குரலை உயர்த்தினேன். பழம் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும், நடுவில் யார் கையிலும் நிற்கக் கூடாது, வீட்டுக்குள் போனால் அது பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் சாமிக்கும் போய்விடும் என்று மேசையைத் தட்டினேன். எனக்கு அன்றைக்கு அத்தனை உறுதி இருந்தது. கையில் பழம் என்பதே முடிவானது. ஆட்டோக்காரர், "சரி, பாக்கலாம் மேடம்" என்று சொன்ன விதத்தில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எந்தப் பழம் என்பதற்கு அடுத்த சண்டை. மழைத் தூறலில் வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்றார்கள். பப்பாளி சூடு. திராட்சைக்கு மருந்து அடிக்கிறார்கள். கடைசியில் சாத்துக்குடி என்றதும் எல்லாரும் தலையாட்டினார்கள். அது உடம்புக்கு நல்லது, டாக்டரே சொல்வார் என்றார்கள். ஒருவர்கூட மறுப்புச் சொல்லாதது எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு சாத்துக்குடி கொடுத்தோம். சின்னக் கைகளுக்கு அந்தத் தோல் உரியவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார்கள், பல்லால் கடித்துக் கசப்பென்று துப்பினார்கள், பிறகு பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் தலைமையாசிரியையும் முதல் நாள்தானே என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். சாயங்காலம் தெருத்தெருவாகப் பிள்ளைகள் ஆளுக்கொரு சாத்துக்குடியோடு நடந்து போயிருக்கின்றன. முதல் வீட்டு அம்மா, "எதுக்குடி மூசம்பி குடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறாள். "சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்தாங்கம்மா" என்றிருக்கிறது பிள்ளை. அவ்வளவு போதும். பள்ளிச் சாப்பாட்டில் என்னவோ விழுந்துவிட்டது, பிள்ளைகளுக்கு வாந்தி, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து பழம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் கிளம்பிவிட்டது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மாக்கள் ஓடிவந்திருந்தார்கள். "ஏனாயித்து மேடம், மக்களிகே ஏனாயித்து?" என்று, பிள்ளைகளுக்கு என்னாச்சு என்று கேட்டுக் கன்னடத்தில் ஒரு குரல். "எம்புள்ள வவுறு வலிக்குதுன்னு வேற சொல்றா" என்று தமிழில் ஒரு அழுகை. கூட்டத்தின் பின்னால் ஒருவர் மட்டும் நிதானமாக, "இன்னிக்கு எந்தத் தலைவருக்குங்க பர்த்டே?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். தலைவர்களின் பிறந்த நாளில் நோயாளிகளுக்குப் பழமும் ரொட்டியும் கொடுப்பதைத்தானே நாம் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை, நல்லா இருக்கிற பிள்ளைகள் இன்னும் நல்லா இருக்கட்டும் என்றுதான் கொடுத்தோம் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். நம்பிக்கையில்லாமல் கலைந்து போனார்கள். மறுநாள் வட்டார அதிகாரி போனில் வந்தார். இன்னொரு முறை இப்படிப் பீதி கிளம்பினால், அல்லது பழத்தைப் பிள்ளைகள் சாப்பிடாமலே வீட்டுக்குக் கொண்டு போனால், இதை நிறுத்திவிட்டுச் சாம்பாருக்குப் போய்விடலாம் என்றார். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு ஆட்டோக்காரரின் முகம் கண்முன்னால் வந்து நின்றது.

அடுத்த வாரம் ஆசிரியைகள் சாத்துக்குடியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் உறிஞ்சத் தொடங்கினார்கள். பீதியும் அடங்கியது. ஆனால் என் மகள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஒரு செய்தி சொன்னாள். அவளோடு மூன்றாம் வகுப்பில் படிக்கும், முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் பழத்தைச் சாப்பிடுவதே இல்லையாம். டிபன் டப்பாவில் மூடி எடுத்துப் போகிறாளாம். அவள் அப்பாவுக்காம்.

அந்த அப்பா பெயிண்டர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ஒரு அடுக்குமாடிக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார். அவள் அம்மா வேறு யாருமில்லை, கூட்டத்தில் என்னோடு மல்லுக்கு நின்ற கூப்பன் கட்சி அம்மாதான்.

மறுநாள் இடைவேளையில் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "ஏன்டா, நீ ஒரு வாய் சாப்பிட்டுட்டு மீதிய அப்பாவுக்குக் கொண்டு போலாமில்ல?"

"நான் துன்னா அப்பாவுக்குச் சீக்கிரம் சரியாவாது ஆன்ட்டி."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்து அந்த ஆரஞ்சு வாசனை மூக்கில் ஏறியது. அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தமிழாக்கம் செய்த எந்த அறிக்கையிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. திட்டம் நடந்தாலும் சரி, நின்றாலும் சரி, இந்தப் பெண் ஒரு துண்டாவது பழம் தின்றாக வேண்டும் என்று எனக்குள் பிடிவாதம் ஏறிக்கொண்டது.

குழுவைக் கூட்டினேன். "நோயாளிக்கு யாரும் வாங்கிட்டுப் போகாத பழமா ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பலாப்பழம் என்றார் ஒருவர். அன்னாசி என்றார் இன்னொருவர். ஆட்டோக்காரர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சீபேக்காய் மேடம். ஆஸ்பத்திரிக்கு சீபேக்காய் எடுத்துக்கினு போனா பேஷண்ட் எழுந்து வந்து அடிப்பான்."

சீபே என்றால் கொய்யா. கூட்டமே சிரித்தது. எனக்கு மட்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. கொய்யா ஆரோக்கியமானவர்களின் பழம். மதிலேறிக் குதிக்கிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள், சினிமா விட்டு வருகிறவர்கள் தின்பது. அதையும் முழுசாகக் கொடுக்காமல், வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும். வீட்டுக்கு எடுத்துப் போகவே முடியாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பள்ளியில் சமையலறை இல்லாததால் யார் வெட்டுவது என்ற கேள்வி வந்தது. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வந்து வெட்டுவது என்று ஒத்துக்கொண்டார்கள். வாந்தி என்று ஓடிவந்த அம்மாக்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்களுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

கொய்யா நாளில் பள்ளிக்கூடமே வேறு மாதிரி ஆகிவிட்டது. மிளகாய்த்தூள் வாசனைக்கே பிள்ளைகள் வரிசையில் முட்டி மோதினார்கள். ஸ்ஸ் என்று உறிஞ்சிக்கொண்டு விரலை நக்கினார்கள். இன்னொரு துண்டு கேட்டு ஒருவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். தலைமையாசிரியை தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி நின்று தின்றார்.

முன்பல் இல்லாத பெண் தன் பங்கை டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டில் திறந்தபோது அது கூழாகியிருந்திருக்கிறது. அழுதிருக்கிறாள். என் மகள் மூலம் தெரிந்ததும் நானும் தலைமையாசிரியையும் வெட்டாத பழம் ஒன்றைத் தனியாக அவளுக்குக் கொடுத்துப் பார்த்தோம், இது அப்பாவுக்கு, வெட்டினது உனக்கு என்று சொல்லி. இரண்டையும் எடுத்துப் போனாள். எனக்கு என் மண்டையிலேயே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவளோடு கெட்டிக்காரத்தனத்தில் போட்டி போட முடியாது என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான். அவள் இடத்தில் இருந்தவள் நான்.

அதற்குள் வெட்டும் முறை தெருத்தெருவாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டை மட்டும் தாண்டிவிடலாம் என்று சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு லீவு கிடையாது, அப்பாவால் எழுந்து நடக்க முடியாது. நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து நின்றாள். "எங்க வூட்டு முறைய மட்டும் ஏன் உட்டுட்டீங்க ஆன்ட்டி?" என்றாள்.

அவள் போய் வீட்டில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கொய்யா நாள் காலையில் பள்ளி வாசலில் ஆட்டோ ஒன்று நின்றது. நம் சாம்பார் கட்சிக்காரர் இறங்கி, பின்சீட்டிலிருந்து ஒரு ஆளைத் தோளில் தாங்கி இறக்கினார். "வெட்ட ஆள் வந்திருக்கு மேடம். சேர் போடுங்க" என்றார். "வாடகை வேணாம், ஆனா நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டுத்தான் போவேன்."

பெயிண்டர் மாவுக்கட்டுக் காலை ஒரு பெஞ்சில் நீட்டி, மடியில் பலகையை வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார். அதுவரை முறைக்கு வந்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஒரு ஆண் வெட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. அவர் பெண் மட்டும் பக்கத்திலேயே நின்று, உப்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணி அடிக்கச் சற்று நேரம் இருக்கும்போது அவர் என்னிடம் மெல்லக் கேட்டார். "மேடம், அவ இஸ்கூல்ல துன்றாளா? வூட்ல பழத்த என் பக்கத்துல வெச்சிட்டுப் போயிடுறா, நான் நீட்டினா வேணாம்ன்றா. இந்த வருசம் சைக்கிள் வாங்கித் தரேன்னு சொல்லியிருந்தேன். கால ஒடிச்சிக்கினு உக்காந்துட்டேன். என் மேல கோவம் போலன்னு நெனச்சிக்கினு கீறேன்."

அவள் எனக்குச் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, ஒரு துண்டை உப்பில் புரட்டித் தன் வாயில் போட்டு, அவள் பார்க்கப் பார்க்க மென்று விழுங்கினார். "அப்பா துன்னுட்டேன். வவுறு ரொம்பிடுச்சி. டாக்டர் கட்டுப் பிரிக்கத் தேதி குடுத்துட்டாரு, அம்மாகிட்ட கேளு. இப்ப நீ துன்னு" என்று அடுத்த துண்டை நீட்டினார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு முன்பல் இல்லாததால் தலையைச் சாய்த்து, கடைவாயில் வைத்துக் கடித்தாள். கறுக்கென்று சத்தம் கேட்டது. இன்னொன்று கேட்டாள். ஆட்டோக்காரர் எனக்குக் கேட்கிற மாதிரி, "பழம் ஓக்கே மேடம்" என்றார். அவரை அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

வட்டார அதிகாரி ஒரு நாள் வந்து பார்த்தார். தட்டில் விதைகூட மிச்சமில்லை. அடுத்த பருவத்துக்கும் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வெட்டும் முறையில் இப்போது அப்பாக்களும் வருகிறார்கள், சிலர் ரொம்ப மோசமாக வெட்டுகிறார்கள். கொய்யா கிடைக்காத நாளில் கேரட், வெள்ளரிக்காய், மாங்காய். சொந்தச் சமையலறை வைத்திருக்கும் பக்கத்துப் பள்ளி ஒன்று சாம்பார் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அங்கே அது நன்றாகவே நடக்கிறது. ஆட்டோக்காரர் அதைச் சொல்லிக்காட்டாத வாரமே இல்லை.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பெயிண்டர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. சுளையை நீட்டிய கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா அன்றைக்கு என்ன நினைத்திருப்பார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பா இப்போது ஆனேக்கலில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பழுத்த கொய்யாவும் ஒரு பொட்டலம் உப்புக் காரமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த தம்பி மனைவி பையைப் பார்த்ததும், "என்னக்கா பழம்லாம்? யாருக்கு என்ன?" என்று பதறினாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எனக்குத்தான்" என்றேன்.

அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அப்பா, மைன்ஸ் ஆஸ்பத்திரில நீ ஆரஞ்சு குடுப்பியே, ஞாபகம் இருக்குதா?"

"நீ வாங்கவே மாட்டியே."

"நீ இன்னாப்பா நெனச்ச?"

"என் மேல மருந்து நாத்தம். புள்ளைக்குப் புடிக்கலன்னு நெனச்சேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அப்படி இல்லை என்று சொல்லி, நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்பா வெகுநேரம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கத்தியை வாங்கி, கொய்யாவைக் கீறி, உப்பில் தொட்டு, என் பக்கம் நீட்டினார். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருந்தது. கையில் வாங்காமல் வாயைத் திறந்தேன்.